47 எண்டு எழுதின கடதாசி

போன வருசம் ஆவணியில் எங்கள் நாலு பேரில் ஒருத்திக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. ஆட்கள் நல்ல ஆட்கள்தான். இரண்டாம் தரம் வந்து, தேத்தண்ணி குடித்து, குறிப்புப் பொருந்தின கதையெல்லாம் கதைத்து முடித்து, எழும்பப் போகிற நேரத்தில் கூட வந்திருந்த பெரியம்மா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பிக்கு இருக்கிறது பரம்பரை வருத்தமோ?"

வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. அன்றிரவு பத்தரை மணிக்கு எங்கள் வட்ஸ்அப் குழுவில் அவளுடைய குரல் வந்தது. "ரெண்டு வருசம் பயோ படிச்சம். எனக்குப் பதில் தெரியல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

எங்களுக்கும் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போன கதை இது. நடுவில் நாங்கள் செய்த பிழை ஒன்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

கொஞ்சம் ஊரைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கடல் பக்கமாக, சூரியன் எழும்புகிற கரை எழுவான்கரை. உள்பக்கமாக, வயலும் காடுமாக இருக்கிற, சூரியன் படுகிற கரை படுவான்கரை. எங்களில் மூன்று பேர் எழுவான்கரை. அவள் மண்டூர்ப் பக்கம். 2017இல் உயர்தரம் எழுதும் வரைக்கும் களுவாஞ்சிகுடி ரியூசனுக்கு அவள் குருமண்வெளித் துறையால்தான் வந்துபோவாள். அங்கே வாவியைக் கடக்கிற மிதவைக்குப் பெயர் 'பாதை'. "பாதை வந்திட்டா?" என்று ஆட்கள் கேட்பதைக் கேட்டு முழிக்கிற கொழும்புச் சொந்தக்காரர்கள் எங்கள் எல்லோருக்கும் உண்டு.

பின்னேரம் பாதை மண்டூர்க் கரையைத் தொடும்போது அவளுடைய தம்பி அங்கே நிற்பான். அப்போது அவனுக்கு எட்டு வயது. லீவு நாளில் நாங்களும் கூடப் போனால் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்குவான், இறக்கின பிறகு "பாரம்" என்பான். டவுன் சிண்ட்றோம் உள்ள பிள்ளை. இப்போது பதினைந்து வயது. எங்கள் மூன்று பேரின் மோட்டார் சைக்கிள் சத்தத்தையும் வாசலுக்கு வரமுதல் பிரித்துச் சொல்லுவான். மீனில் முள் எடுத்துத் தந்தால் கோபம் வரும், தானே எடுக்க வேண்டும்.

அவன் பிறந்தது 2009இல். அவன் பிறந்த நாளிலிருந்து ஊரில் காரணங்களுக்குக் குறைவில்லை. கிரகண நேரத்தில் தாய் வெளியே வந்திட்டாவாம். வயிற்றோடு செத்த வீட்டுக்குப் போனவாவாம். 2007 இடப்பெயர்வில் முகாமில் பட்ட பாடு உடம்பில் ஏறிட்டாம். தகப்பன் வழிச் சொந்தங்கள் சொன்னது சுருக்கமானது: "எங்கட பக்கத்தில இப்பிடி ஒருத்தரும் இல்ல." அன்ரி (அவளுடைய அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பார்வை பார்ப்பித்தார், கொக்கட்டிச்சோலைக்கு நேர்த்தி வைத்தார், கிளினிக்குக்கும் தவறாமல் கொண்டுபோனார்.

இதெல்லாம் தெரிந்த நாங்கள், ரியூசன் வகுப்பில் சேர் பலகையில் 'டவுன்' என்று எழுதின அன்றைக்கு என்ன செய்தோம்? அவள் கொப்பிக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள் மூன்று பேரும் பலகையைப் பார்த்தோம். '21ஆம் நிறமூர்த்தம் மூன்று, மொத்தம் 47' என்று ஒரு வரி எழுதினோம். அது இரண்டு புள்ளிக் கேள்வி. அன்றைக்குத் துறை வரைக்கும் அவளோடு போன எங்களில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

அந்தச் சேர் எண்ணுகிற முறையை மட்டும் நன்றாகச் சொல்லித் தந்தார். "காலை எண்ணாதீங்க, மையப்பாத்தை எண்ணுங்க." கலம் பிரியமுதல் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன்னைப் பிரதி எடுக்கும். பிரதிகள் இரண்டும், அதாவது அரைநிறவுருக்கள், ஒரு மையப்பாத்தில் ஒட்டிக்கொண்டு எக்ஸ் எழுத்து மாதிரி நிற்கும். கால் நாலு, ஆனால் நிறமூர்த்தம் ஒன்று. அதனால் பிரதி எடுத்த பிறகும் மனிதக் கலத்தில் எண்ணிக்கை 46தான். மேன்முக அவத்தையில் மையப்பாத்துப் பிளந்து இரண்டும் தனித்தனியாக இழுபடும்போது கொஞ்ச நேரத்துக்கு ஒரே கலத்துக்குள் 92 இருக்கும். பிறகு கலம் இரண்டாகும், 46, 46. தோலும் இரத்தமும் புதிதாவது இப்படித்தான். இது இழையுருப்பிரிவு. பரீட்சையில் அந்த 92இல்தான் புள்ளி போகும்.

ஆனால் முட்டையும் விந்தும் இப்படி உண்டானால் சரிவராது. 46உம் 46உம் சேர்ந்தால் பிள்ளைக்கு 92, பேரப்பிள்ளைக்கு 184. அதனால் அங்கே ஒடுக்கற்பிரிவு: ஒரு தரம் பிரதி, இரண்டு தரம் பிரிவு. முதற் பிரிவில் தாயிடமிருந்து வந்த ஒன்றாம் நிறமூர்த்தமும் தகப்பனிடமிருந்து வந்த ஒன்றாம் நிறமூர்த்தமும் ஒன்றையொன்று தேடிச் சோடி சேரும். இப்படி 23 சோடி. சோடி போட்ட பிறகு ஒரு துண்டை மாற்றிக்கொள்ளவும் செய்யும், அந்தக் குறுக்குப் பரிமாற்றந்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு சோடியிலும் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். 46, 23 ஆகிறது. இரண்டாம் பிரிவில் அரைநிறவுருக்கள் பிரியும், எண்ணிக்கை 23தான்.

சோடி சேர முடியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் தினமும் சாப்பிடுகிறோம். கோழிக்கூட்டு வாழை மும்மடியம். 11 நிறமூர்த்தம் கொண்ட தொகுதி மூன்று, மொத்தம் 33. மூன்று பேரில் சோடி போட்டால் ஒருவருக்கு ஆளில்லை. ஒடுக்கற்பிரிவு குழம்பிப் போகும், விதை பிடிக்காது. வாழைப்பழத்துக்குள் இருக்கிற அந்தக் கறுப்புப் புள்ளிகள் விதையாக வராமல் போனவைதான். அதனால்தான் வாழையைக் குட்டி பிரித்து நடுகிறோம்.

இந்த 46 என்ற எண்ணே நேற்று வந்தது என்பதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. 1923இல் அமெரிக்காவில் தியோபிலஸ் பெயின்ரர் என்பவர் மனிதனுக்கு 48 என்று எழுதினார். அதற்கு முதல் தெளிவான படங்களில் 46தான் தெரிகிறது என்று அவரே எழுதியிருந்தார். பிறகு 48 பக்கம் சாய்ந்தார். அதற்குப் பிறகு முப்பது வருசத்துக்கு மேலாகப் புத்தகமெல்லாம் 48. பார்த்தவர்களும் 48 என்றே எண்ணினார்கள். 1955 கடைசியில் சுவீடனின் லுண்ட் நகரில், யாவாவில் பிறந்து, யுத்தத்தில் யப்பானியரின் சிறையில் கிடந்து வந்த ஜோ ஹின் சியோ, கலங்களை உப்புக் குறைந்த கரைசலில் ஊறவைத்து வீங்கப்பண்ணி, நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று சிக்காமல் விலகி நிற்க வைத்து எண்ணிப் பார்த்தார். 46. அல்பேட் லெவானோடு சேர்ந்து 1956இல் வெளியிட்டார். மூன்றே வருசத்தில், 1959இல், பரிசிலிருந்து அடுத்த எண் வந்தது: டவுன் சிண்ட்றோம் உள்ள பிள்ளைகளின் கலத்தில் 47. பெயர் ஜெரோம் லெஜூனுக்குப் போனது. அந்தக் கலங்களை வளர்த்து எடுக்கிற ஆய்வுகூடத்தை உண்டாக்கின மார்த் கோத்தியே என்ற பெண் வைத்தியர் தன்னுடைய பங்கு பின்னுக்குத் தள்ளப்பட்டதாக ஐம்பது வருசம் கழித்து எழுதினார். 2022இல் காலமானார்.

அதுவரைக்கும் இந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன காரணங்கள் எங்கள் ஊர்க் காரணங்களை விட மேலானவை இல்லை. 1866இல் இவர்களைப் பற்றி எழுதின லாங்டன் டவுன், இது ஏதோ 'தாழ்ந்த இனத்துக்குத்' திரும்பிப் போவது என்று நினைத்து மொங்கோலியர் பெயரை வைத்தார். உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிட 1965 ஆகிவிட்டது, அதுவும் மொங்கோலியா கேட்டதால்.

இப்போது எங்கள் பிழை.

வொய்ஸ் மெசேஜ் வந்த அடுத்த ஞாயிறு மூன்று பேரும் பாதையில் ஏறி அவள் வீட்டுக்குப் போனோம். போனில் தேடி வாசித்துக்கொண்டு போனோம். கூடுதலாக ஒரு 21ஆம் நிறமூர்த்தம் வருவதற்குக் காரணம் பிரியாமை: ஒரு சோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விடுவது. மிகப் பெரும்பாலும் இது நடப்பது முட்டை உண்டாகும்போது, பத்தில் ஒன்பது தரம் மாதிரி. விந்தில் நடப்பது குறைவு. தாயின் வயது ஏற ஏறச் சாத்தியம் கூடும். முப்பத்தைந்தில் ஏறக்குறைய 350 பிறப்புக்கு ஒன்று, நாற்பதில் ஏறக்குறைய நூறுக்கு ஒன்று. நல்ல விசயம், கிரகணமும் இல்லை செத்த வீடும் இல்லை என்று சொல்லலாம் என்ற சந்தோசத்தில் போனோம்.

வீட்டில் மாமியும் இருந்தார், தகப்பனின் தங்கச்சி. எங்களில் ஒருவர் (யார் என்று எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம், ஏனென்றால் மற்ற இரண்டு பேரும் அதையேதான் சொல்லியிருப்போம்) ஆர்வத்தில் சொன்னோம்: "இது கிரகணம் ஒண்டும் இல்ல. தொண்ணூறு வீதம் அம்மாட முட்டையிலதான் நடக்கிற."

மாமி அன்ரியைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னன். எங்கட பக்கத்தில இல்ல எண்டு."

அன்ரி அடுப்படிக்குள் போய்விட்டார். பதினாலு வருசமாக ஊர் வாயால் சொன்னதற்கு நாங்கள் விஞ்ஞானத்தால் ஒப்பம் வைத்துக் கொடுத்தோம். திரும்பி வரும்போது பாதையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வாசித்தோம். அவள் எங்களோடு கதைக்காமல் இருந்த இரண்டு கிழமையில்.

எங்களுக்குப் பரீட்சைக்குத் தேவைப்படாத ஒன்று அதில் இருந்தது. ஆணுக்கு விந்து பருவ வயதிலிருந்து தினமும் புதிதாக உண்டாகிறது. பெண்ணுக்கு அப்படி இல்லை. ஒரு பெண் தன் தாயின் வயிற்றுக்குள் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய முட்டைக் கலங்கள் எல்லாம் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கிவிடுகின்றன. சோடி சேர்ந்து, துண்டு மாற்றி, முதற் பிரிவின் முன்னவத்தையில் அப்படியே நின்றுவிடுகின்றன. பிறக்கும்போது பத்து இலட்சத்துக்கு மேல் அப்படி நிற்கும். பருவம் வந்த பிறகு மாதத்துக்கு ஒன்றாக, முட்டை வெளிவருகிற நேரத்தில்தான், நின்ற இடத்திலிருந்து பிரிவு தொடரும். இரண்டாம் பிரிவு முடிவது விந்து உள்ளே நுழைந்த பிறகு.

அன்ரி பிறந்தது 1971. அப்படியென்றால் தம்பியாக வந்த அந்த முட்டை, அன்ரி அவருடைய அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே சோடி சேர்ந்து நின்றுவிட்டது. 1978 கார்த்திகை 23 சூறாவளியில் வீட்டுக்கூரை போனபோது அன்ரிக்கு ஏழு வயது, அது நின்றது. 1990இல் ஊரை விட்டு ஓடினபோது நின்றது. அவளைப் பெற்றபோதும், 2004 சுனாமியின்போதும், 2007இல் மூட்டை கட்டினபோதும் நின்றது. சூறாவளியோ முகாமோ அதைக் கெடுத்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு கிரகணக் கதை. முப்பத்தேழு முப்பத்தெட்டு வருசம் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முடிச்சு என்று சும்மா சொல்லவில்லை. சோடிகளையும் அரைநிறவுருக்களையும் கட்டி வைத்திருப்பது கோஹீசின் என்ற புரதம், வளையம் மாதிரி. அது சிசுப் பருவத்திலேயே போடப்படுகிறது, பிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. நாங்கள் 'பிரியாமை' என்ற சொல்லைக் கேட்டு, ஒட்டிக்கொண்டு விடாமல் இருப்பதுதான் கோளாறு என்று நினைத்திருந்தோம். வயது ஏறின முட்டையில் பல தரம் நடப்பது மறுவளம்: பிடி முன்னதாகவே தளர்ந்துவிடுகிறது. குருமண்வெளிப் பாதையை நினைத்துப் பாருங்கள். நட்டாற்றில் இரண்டு பேர் கைகோத்து நிற்கிறார்கள். ஒருவரின் இடுப்பில் எழுவான்கரைக் கயிறு, மற்றவரின் இடுப்பில் படுவான்கரைக் கயிறு. கை கோத்திருக்கும்வரை இரண்டு கயிறும் விறைத்து நிற்கும், யார் எந்தக் கரைக்கு என்பதில் குழப்பம் வராது. நேரம் வந்ததும் கையை விட்டால் ஆளுக்கொரு கரை. ஆனால் கை முதலே நழுவிவிட்டால் கயிறு தொய்யும், இரண்டு பேரும் ஒரே கரைக்கு இழுபடலாம். அந்தக் கரையில் 24, இந்தக் கரையில் 22. அந்த 24 கொண்ட முட்டையோடு 23 கொண்ட விந்து சேர்ந்தால் 47.

இது எல்லோருக்கும் நடக்கிறது. எண் பிழைத்த கருக்களில் மிகப் பெரும்பாலானவை தங்குவதில்லை. ஆரம்ப மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு நிறமூர்த்தக் கோளாறுதான் காரணம். 16ஆம் நிறமூர்த்தம் மூன்றானால் பிள்ளை பிறக்கவே பிறக்காது. 21 மூன்றானால் பிறக்கலாம், வளரலாம், ஏனென்றால் இருப்பதிலேயே சிறியது அது. (22தான் கடைசி இலக்கம், ஆனால் அதை விடவும் 21 சிறியது. பருமன் ஒழுங்கில் இலக்கம் போட்டவர்கள் பிழையாகப் போட்டுவிட்டார்கள், பிறகு மாற்றவில்லை.) கர்ப்பத்தில் இருக்கும்போது தாய் சாப்பிட்டதோ நடந்ததோ பயந்ததோ இந்த எண்ணை மாற்ற முடியாது. கரு உண்டான அன்றைக்கே எண் முடிந்த கதை.

ஆனால் இதில் ஒன்றும் பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் இல்லை. "பரம்பரையா?" அதற்குத் தேவைப்பட்டது ஒரு கடதாசி.

தம்பிக்கு எட்டு மாதமாக இருக்கும்போது, இதயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த காலத்தில், நிறமூர்த்தப் பரிசோதனைக்கும் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். வெண்கலங்களை மூன்று நாள் மாதிரி வளர்த்து, பிரிகிற நேரத்தில் கொல்சிசின் வகை மருந்தால் நிறுத்தி, சியோ செய்த அதே மாதிரி வீங்க வைத்து, சாயம் போட்டுப் படம் எடுத்து, சோடி சோடியாக அடுக்குவார்கள். முடிவு இங்கிலிசில் வந்தது. ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. அன்ரி அதைக் கிளினிக் கொப்பிகளோடு பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தார்.

அதை எடுத்துப் பார்க்கும்படி நாங்கள்தான் அவளிடம் சொன்னோம், மன்னிப்புக் கேட்ட அன்றைக்கு. விசயம் இதுதான். டவுன் சிண்ட்றோமில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மாதிரி, தனியாக ஒரு மேலதிக 21. இது குடும்பத்தில் ஓடுவதில்லை. மூன்று நாலு வீதத்தில் மட்டும் மேலதிக 21 வேறொரு நிறமூர்த்தத்தில், பல தரம் 14இல், ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் எண்ணினால் 46தான் வரும். அந்த ஒட்டல் தாயிடமோ தகப்பனிடமோ ஒரு குறையும் காட்டாமல் இருந்திருக்கலாம், அக்காவிடமும் இருக்கலாம். அப்போது அவளும் பரிசோதிக்க வேண்டும். மிச்சம் கொஞ்சம் பேருக்கு, உடம்பில் சில கலங்களில் மட்டும் 47.

ஆக, அவளுடைய கேள்விக்கான பதில் பதினாலு வருசமாக அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது.

நாங்கள் மூன்று பேரும் திரும்பப் பாதையில் ஏறிப் போனோம். இந்தத் தரம் மாமி இல்லாத நாளாகப் பார்த்து. அவள் உறையைப் பிரித்தாள். முதல் வரி: 47, எக்ஸ், வை, சக 21. ஒட்டல் என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கீழே படம். பழக்கதோசத்தில் ஒவ்வொரு மையப்பாத்தாக எண்ணினோம், பேனை முனையைப் படாமல் பிடித்துக்கொண்டு. தம்பியும் வந்து குந்தி, 21க்குக் கீழே விரலை வைத்து "மூணு" என்றான். அது அவனுடைய படம் என்று சொன்னோம். "கறுப்பு" என்றான். நிறம் பிடிக்கவில்லை.

அவளுக்கு வாய்ப்பு, அவளுடைய வயதில் உள்ள வேறு எந்தப் பெண்ணுக்கும் உள்ளதுதான். அதைக் கேட்டு அவள் அழுதாள், சத்தமில்லாமல்.

அன்ரிக்கு மற்றதைச் சொன்னோம். முட்டை நின்ற கதை. இந்தத் தரம் 'தொண்ணூறு வீதம்' என்று தொடங்கவில்லை, அம்மம்மாவின் வயிற்றிலிருந்து தொடங்கினோம். பயமாகத்தான் இருந்தது, பழி ஒரு தலைமுறை மேலே ஏறிவிடுமோ என்று. அன்ரி சோறு வடித்துக்கொண்டே கேட்டார். கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு:

"அப்ப, என்ட அம்மாட வயித்துக்குள்ளயே இவனும் இருந்திருக்கான்."

ஒரு பாதி மட்டும், என்று எங்களில் ஒருவர் திருத்தப் பார்த்தோம். மற்றவர் காலை மிதித்தார்.

"அம்மா இவனக் காணல்ல," என்றார் அன்ரி. "சூறாவளிக்குப் பிறகு ரெண்டு வருசம்தான் இருந்தா. மறுகா போயிட்டா." பானையை நிமிர்த்தி வைத்தார். "சாப்பிட்டுப் போங்க. திரளி மீன் கிடக்கு."

சம்பந்தம் சரிவரவில்லை. அந்த முதல் வரியை அவள் தமிழில் எழுதி, என்ன அர்த்தம் என்று நாலு வரி சேர்த்து அனுப்பியிருந்தாள். குறிப்பில் ஏதோ தோசம் திரும்பப் பார்த்ததில் தெரிந்ததாகப் பதில் வந்தது. மாமி இன்னும் தன் பக்கத்தில் இல்லை என்றுதான் சொல்கிறார். கடதாசி இப்போது அலுமாரியில் இல்லை, அவளுடைய கைப்பையில் இருக்கிறது, போட்டோக் கொப்பி இரண்டோடு.

தம்பிக்கு வருசா வருசம் எடுக்கிற தைரொயிட் இரத்தப் பரிசோதனை வருகிற மாதம். ஊசி என்றால் ஓடுவான். மூன்று மோட்டார் சைக்கிளும் வந்தால்தான் கிளினிக்குக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறான்.